மஞ்சள் செடிக்குக் கவாத்து: எதை வெட்டலாம், எதைத் தொடக் கூடாது?

கறிவேப்பிலையின் நுனியைக் கிள்ளினால் பக்கக்கிளை விடும். மல்லிகையைக் கவாத்து செய்தால் பூத்துக் குலுங்கும். அந்தப் பழக்கத்தில், மொட்டைமாடியில் செடிப் பைகளில் மஞ்சள் வைத்த முதல் வருடம் புரட்டாசியில் இடுப்பளவு வளர்ந்திருந்த செடிகளைப் பாதியாக வெட்டிவிட்டேன். தையில் பையைக் கவிழ்த்தால் சுண்டுவிரல் பருமனில் நாலைந்து துண்டுகள்தான் இருந்தன. கை படாமல் ஓரமாக நின்ற ஒரே ஒரு பையில் முக்கால் கிலோ கிழங்கு இருந்தது.

மஞ்சளில் தண்டு மாதிரித் தெரிவது தண்டு இல்லை. வாழையைப் போல இலையடிகள் ஒன்றன்மேல் ஒன்று சுற்றிக்கொண்டு நிற்கின்றன. உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்குதான். ஆகவே மேலே வெட்டினால் கிளை வராது. இலை வெயிலில் சமைக்கிற சத்துதான் கீழே போய்க் கிழங்காகத் திரள்கிறது. பச்சை இலையை வெட்டினால் அந்த அளவுக்குக் கிழங்கு குறையும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்ற வேலைகள் எல்லாம் சுலபம்.

முதல் படி: விதைமஞ்சள்

மளிகைக் கடையில் விற்கும் காய்ந்த விரலி மஞ்சள் வேகவைத்து உலர்த்தியது. அது முளைக்காது. பொங்கலுக்கு வாங்கும் மஞ்சள் கொத்தின் கிழங்கு முளைக்கும். அதைக் கழுவாமல், நிழலில், காய்ந்த மணலுக்குள் புதைத்து வையுங்கள். சித்திரை வாக்கில் தானாகவே கணுக்களில் முனை தள்ளும். கொத்து கிடைக்காதவர்கள் விதைமஞ்சளாகவே கேட்டு வாங்கலாம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சளும், பவானிசாகர் ஆராய்ச்சி நிலையம் தந்த பி.எஸ்.ஆர். ரகங்களும் நம் வெயிலுக்குப் பழகியவை.

இரண்டாம் படி: நடவு

வைகாசி அல்லது ஆனி. ஒன்றரை அடி அகலம், ஒரு அடி உயரம் உள்ள பை போதும். மஞ்சள் ஆழமாக இறங்குவதைவிடப் பக்கவாட்டில்தான் அதிகம் பரவும், அதனால் அகலம் முக்கியம். செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மணலோ தேங்காய் நார்க்கழிவோ ஒரு பங்கு, ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. பையை முக்கால்வாசி மட்டும் நிரப்புங்கள். மீதி இடம் பின்னால் தேவைப்படும்.

துண்டு ஒன்று 25 முதல் 30 கிராம் இருக்கட்டும், இரண்டு முனைகளாவது இருக்கட்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் சூடோமோனாஸ் (அழுகல் நோயைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூள்) கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் ஈரம் காயவிட்டு, முனை மேல்நோக்கி இருக்க இரண்டு அங்குல ஆழத்தில் நடுங்கள். ஒரு பைக்கு இரண்டு துண்டு போதும். முளைவிட இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகலாம். பொறுமை இழந்து தோண்டிப் பார்க்காதீர்கள், முனை ஒடிந்துவிடும்.

மூன்றாம் படி: தண்ணீர், உரம், மண் அணைப்பு

விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்குக் கீழே ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். மாதம் ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரம் போடுங்கள்.

இரண்டாம் மாதமும் நான்காம் மாதமும் மண் அணைக்க வேண்டும். பையில் விட்டுவைத்த இடத்தை இப்போது உரம் கலந்த மண்ணால் நிரப்புங்கள். கிழங்கு மேலே தெரிந்தால் வெயிலில் பச்சையாகிவிடும், விரலியும் நீளாது. என் அனுபவத்தில், உரத்தைவிட மண் அணைப்புதான் அதிகம் பலன் கொடுத்தது.

நான்காம் படி: கவாத்து

எல்லா வெட்டுக்கும் முன்னால் இலை ஏன் மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

அடியில் இருக்கும் மிகப் பழைய இலை மட்டும் மஞ்சளாகித் தொங்கினால் அது மூப்பு, கவலையில்லை. அதிலிருக்கும் சத்தைச் செடி உள்ளே இழுத்துக்கொள்ளட்டும் என்று முழுக்கக் காயும்வரை விட்டுவிடுங்கள். அப்புறம், இலைக்காம்பு, தண்டாகச் சுற்றி நிற்கும் உறையோடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். கையால் கீழ்நோக்கி உரிக்க வேண்டாம். உறை கிழிந்தால் அந்தக் காயத்தில் மழைத்தண்ணீர் தங்கி அழுகல் தொடங்கும். கத்தரியைக் கொதிநீரில் முக்கித் துடைத்துக்கொள்வதும், மழை பெய்யும் நாளில் வெட்டாமல் இருப்பதும் நல்லது.

புரட்டாசிக்கு மேல் இலையில் பழுப்பு வட்டங்கள், நடுவில் சாம்பல் நிறம், சுற்றிலும் மஞ்சள் வளையம் தெரிந்தால் அது இலைப்புள்ளி நோய். இரண்டு மூன்று புள்ளிகளுக்காக முழு இலையை வெட்டாதீர்கள். பாதி இலைக்கு மேல் பரவியிருந்தால் மட்டும் வெட்டி, உரக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள்.

மற்ற இலைகள் பச்சையாக இருக்க நடுக்குருத்து மட்டும் காய்ந்தால், தண்டில் சின்னத் துளையும் அதன் வாயில் மரத்தூள் மாதிரி எச்சமும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் குருத்துப்புழு. அறுவடைக்கு முன் அடியோடு வெட்ட வேண்டிய ஒரே தண்டு இதுதான். தண்டை மண்மட்டத்தில் அறுத்து நெடுக்காகப் பிளந்தால் உள்ளே புழு இருக்கும். அதை அழித்துவிடுங்கள், பக்கத்துத் தண்டுகள் பிழைத்துக்கொள்ளும்.

இலைகளுக்கு நடுவிலிருந்து வெளிர்பச்சைக் கூம்பாகப் பூ வரும். மஞ்சள் விதை பிடிப்பது மிக அரிது, கிழங்கால்தான் பெருகும். பூவை வெட்டினாலும் விட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அழகாக இருப்பதால் நான் விட்டுவிடுகிறேன்.

சமையலுக்கு இலை வேண்டுமா? ஐந்தாறு தண்டு உள்ள பையிலிருந்து எப்போதாவது ஒன்றிரண்டு பறிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். மங்களூர்ப் பக்கம் மஞ்சள் இலையில் அரிசிமாவும் தேங்காய் வெல்லப் பூரணமும் வைத்து மடித்து ஆவியில் வேகவைப்பார்கள். மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்காகவே ஒரு பை கூடுதலாக வைக்கலாம். பொங்கலுக்கு மறுநாள் கனுப்பிடி வைக்க இலை வேண்டுமென்றால் கவலையே இல்லை. தை பிறப்பதற்குள் இலையின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும்.

ஐந்தாம் படி: ஐப்பசி, கார்த்திகை மழை

வீட்டு மஞ்சள் அதிகம் கெட்டுப்போவது இந்த இரண்டு மாதங்களில்தான். மழைக்காலத்தில் இலை ஓரத்திலிருந்து மஞ்சளாகி, தண்டு லேசாக இழுத்தாலே கையோடு வந்து, அடியில் கெட்ட வாடை அடித்தால் அது கிழங்கு அழுகல். இலையை வெட்டிப் பயனில்லை. அந்தப் பையைத் தள்ளி வைத்து, கிழங்கை எடுத்து, அழுகிய பாகத்தை நீக்கி, உறுதியாக இருப்பதை உடனே சமையலுக்குப் பயன்படுத்துங்கள். அதை விதைக்கு வைக்க வேண்டாம். மழைக்கு முன்பே பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடித்துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஆறாம் படி: அறுவடை

நட்ட எட்டு, ஒன்பது மாதத்தில், தை மாசியில், செடி முழுக்கப் பழுத்துச் சாயும். தண்ணீரை நிறுத்துங்கள். இலை காய்ந்ததும் மண்ணுக்கு மேல் ஒரு அங்குலம் விட்டு எல்லாவற்றையும் வெட்டுங்கள். முழுச் செடியையும் வெட்டுவது இப்போதுதான். ஒரு வாரம் கழித்துப் பையைக் கவிழ்த்து, மண்ணை உதிர்த்து, விரலியைத் தனியாகவும் குண்டான தாய்க்கிழங்கைத் தனியாகவும் பிரியுங்கள்.

பொடிக்கு வேண்டுமானால் விரலியைக் குச்சி சுலபமாக இறங்கும்வரை, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், வேகவைத்து, 10 முதல் 15 நாள் வெயிலில் காயவையுங்கள். ஒடித்தால் படக்கென்று சத்தத்தோடு ஒடிய வேண்டும். ஒரு கிலோ பச்சை மஞ்சள் காய்ந்தால் 200 கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். தாய்க்கிழங்குகளை வேகவைக்காமல் மணலில் புதைத்து, மேலே நாள் எழுதிய சீட்டு ஒன்று குத்தி வையுங்கள். வைகாசியில் அவைதான் விதை.