ஒன்ராறியோ கத்தோலிக்கப் பாடசாலைகள்: பாடத்திட்டமும் மதிப்பீடும்

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் கத்தோலிக்கப் பாடசாலை என்பது கட்டணம் வாங்கும் தனியார் பாடசாலை அன்று. 1867ஆம் ஆண்டின் அரசியலமைப்புச் சட்டம் அளித்த பாதுகாப்பின்கீழ், பொதுப் பாடசாலைகளைப் போலவே இவையும் அரச நிதியில் நடைபெறுகின்றன. ரொறன்ரோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் குடியேறுவோர் ரொறன்ரோ கத்தோலிக்க மாவட்டப் பாடசாலைச் சபையில் விண்ணப்பிக்கலாம். ஆரம்ப வகுப்புகளுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பார்கள்; ஊர்ப் பங்குக் கோவிலிலிருந்து அதைப் பிறகு எடுப்பிப்பது சிரமம் என்பதால், புறப்படும்போதே கையோடு கொண்டுவாருங்கள். 9ஆம் வகுப்பிலிருந்து மற்றச் சமயப் பிள்ளைகளும் சேரலாம்.

கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் முதலிய பாடங்கள் மாகாணக் கல்வி அமைச்சின் பாடத்திட்டப்படியே நடக்கின்றன. அதனோடு சமயக் கல்வியும் குடும்ப வாழ்வுக் கல்வியும் சேரும். 2ஆம் வகுப்பில் முதல் நன்மைக்கான, அதாவது நற்கருணையை முதன்முறையாகப் பெறுவதற்கான, ஆயத்தம் நடைபெறும். உயர்நிலைப் பாடசாலையில் சமயக் கல்வி புள்ளி இடப்படும் பாடமாகும். 11ஆம் வகுப்பில் இந்து சமயம் உட்பட உலக சமயங்களைப் படிப்பதனால், சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அதை விருப்பத்தோடு படிக்கிறார்கள்.

நம்மவரைக் கலங்க வைப்பது மதிப்பீட்டு முறைதான். இங்கு வந்த முதல் ஆண்டில், 4ஆம் வகுப்பு ஆசிரியையிடம், "மகள் வகுப்பில் எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்டேன். அப்படியொரு வரிசையே இங்கு இல்லை என்று சொன்ன அவர், மகளின் கணிதக் கொப்பியைத் திறந்து ஒரு பின்னக் கணக்கைக் காட்டினார். விடை சரியாக இருந்தது. அதன் கீழே, எப்படிச் செய்தாள் என்று விளக்க விடப்பட்டிருந்த மூன்று கோடுகளும் வெறுமையாக இருந்தன. அறிவு, சிந்தனை, வெளிப்படுத்தல், பயன்படுத்தல் என்ற நான்கு வகைகளிலும் பிள்ளையின் வேலை மதிப்பிடப்படுகிறது என்பதும், விடையை மட்டும் எழுதப் பழகிய நம் பிள்ளைகள் மூன்றாவதான வெளிப்படுத்தலில்தான் பின்தங்குகிறார்கள் என்பதும் எனக்கு அன்றுதான் விளங்கின. அன்றிலிருந்து வீட்டில் மகள் கணக்குச் செய்யும்போது, செய்த வழியை வாய்விட்டுச் சொல்லச் சொன்னேன்.

6ஆம் வகுப்புவரை எழுத்துத் தரமும், 7ஆம் வகுப்பிலிருந்து சதவீதமும் இடப்படும். பி தரம், அதாவது 70 முதல் 79 வரை, நான்கு நிலைகளில் மாகாணம் எதிர்பார்க்கும் 3ஆம் நிலையாகும். அதைக் கண்டு பிள்ளையைக் கடிந்துகொள்வது பெரும் அநியாயம். அறிக்கையின் முதற்பக்கத்தில் பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்து வேலை செய்தல், கூட்டுழைப்பு, முன்முயற்சி, தன்னை நெறிப்படுத்தல் என்ற ஆறு பழக்கங்கள் இருக்கும்; பாடப் புள்ளிகளுக்கு முன் அவற்றை வாசியுங்கள். இலையுதிர் காலத்தில் வருவது புள்ளி இல்லாத முன்னேற்ற அறிக்கை. தரமிட்ட அறிக்கைகள் குளிர்காலத்திலும் ஜூனிலும் வரும்.

3ஆம், 6ஆம் வகுப்புகளில் நடக்கும் மாகாணத் தேர்வின் முடிவு பாடசாலை அறிக்கையில் சேராது. அதற்காகவே டியூஷன் தேடி அலைய வேண்டியதில்லை. உயர்நிலையில் ஒரு பாடத்தின் 70 சதவீதம் பாடக் காலம் முழுவதும் செய்யும் வேலைக்கும், 30 சதவீதம் இறுதி மதிப்பீட்டுக்கும் உரியது. ஆகவே கடைசி மாதத்தில் விழுந்து விழுந்து படித்து ஈடுசெய்ய முடியாது.

புதிதாக வந்த பிள்ளையின் அறிக்கையில், பாடப் பெயருக்கு அருகே ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பதைக் காட்டும் சிறு பெட்டியில் அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்தத் தரம் பிள்ளைக்கென மாற்றியமைத்த எதிர்பார்ப்புகளை வைத்து இடப்பட்டது. எவை மாற்றப்பட்டன என்று ஆசிரியரிடம் நேரிலேயே கேளுங்கள். ஆங்கிலம் தடையாக இருந்தால், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று முன்கூட்டியே அலுவலகத்தில் சொல்லிவையுங்கள்.