புதுச்சேரி வரை சைக்கிள் மிதிக்கப் போறீங்களா?

சென்னையிலிருந்து ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) வழியாகப் புதுச்சேரி ஏறக்குறைய 150 கிலோமீட்டர். போன தடவை நிதி திரட்டும் சவாரிக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடைசி வாரம் வெறித்தனமாக மிதித்தேன். முட்டி வீங்கியதுதான் மிச்சம். இப்போது மூன்று மாதம் முன்பே ஆரம்பித்துவிடுகிறேன். ஞாயிறு விடியலில் 50 கிலோமீட்டர். வாரத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டுவதில்லை. நான்காவது வாரம் பாதி தூரம்தான். ஞாயிறு தூரம் 110 கிலோமீட்டரைத் தொட்டால் போதும்.

கூட்டமாக ஓட்டுவது தனி வித்தை. முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் உங்கள் முன்சக்கரத்தை நுழைக்கவே கூடாது. அவர் லேசாக ஒடித்தாலும் விழுவது நீங்கள்தான். பள்ளம் தெரிந்தால் கையை நீட்டிக் காட்டி, "குழி!" என்று கத்துங்கள், வெட்கப்படாமல். தாகம் எடுக்கும்முன் தண்ணீர், நடுவே உப்புப் போட்ட மோர். ஹெல்மெட் இல்லாதவரோடு நான் ஓட்டுவதில்லை.