திடீரென்று இழுவை போகும் பழைய எம்எக்ஸ்-5: கோளாறு தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் தலைமுறை 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. ஜப்பானில் அதற்கு யூனோஸ் ரோட்ஸ்டர் என்று பெயர், அமெரிக்காவில் மியாட்டா. இரண்டே சீட், பின்சக்கர இழுவை, ஐந்து கியர், ஏறத்தாழ ஒரு டன் எடை. அந்தத் தலைமுறையில் கடைசியாக வந்த வண்டிகளுக்கே இன்று 25 வயது தாண்டிவிட்டது. இந்த வயதில் வரும் கோளாறுகளில் ஆளை அலையவிடுவது ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை போய்விடும். ஓரம் கட்டுவதற்குள் திரும்பி வந்துவிடும். மெக்கானிக்கிடம் கொண்டுபோய் நிறுத்தினால் எதுவுமே நடக்காததுபோல ஓடும். இந்த நிலையில்தான் பணம் வீணாகும் முடிவுகளை எடுக்கிறோம்.

"பவர் போகுது" என்று மட்டும் சொல்வது

இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று வெவ்வேறு நோய்கள் ஒளிந்திருக்கின்றன. எஞ்சினே அணைந்து போவது ஒன்று. எஞ்சின் ஓடியும் பலமில்லாமல் இருப்பது இன்னொன்று. எஞ்சின் பலமாகத்தான் ஓடுகிறது, அந்தப் பலம் சக்கரத்துக்குப் போய்ச் சேரவில்லை என்பது மூன்றாவது. இதைப் பிரிக்காமல் பானெட்டைத் திறப்பதுதான் முதல் தவறு. பிரிப்பதற்குத் தேவையான கருவி ஸ்டியரிங்குக்குப் பின்னாலேயே இருக்கிறது: ஆர்பிஎம் முள்.

கியர் விழுந்திருக்கிறது, கால் கிளட்ச்சில் இல்லை, வண்டி உருண்டுகொண்டிருக்கிறது என்றால் சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றும். பெட்ரோலோ தீப்பொறியோ நின்றுபோனாலும் எஞ்சின் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இந்தக் காரில் ஆர்பிஎம் முள் ஆடுவது இக்னைட்டரிலிருந்து (தீப்பொறிக்காகக் காயிலை இயக்கும் மின்னணுப் பாகம்) வரும் துடிப்பால். ஆகவே வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்தால், தீப்பொறிக்கான சிக்னலே போய்விட்டது என்று அர்த்தம். கூடவே மற்ற மானிகளும் செத்துவிட்டால் இக்னிஷன் ஸ்விட்ச்சையும் மெயின் சப்ளையையும் பாருங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் விழுந்தால் மெயின் ரிலே (எஞ்சின் கட்டுப்பாட்டுக்குக் கரண்ட் கொடுக்கும் மின்காந்த ஸ்விட்ச்), கேம் ஆங்கிள் சென்ஸார் (எஞ்சின் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்வது), இக்னைட்டர், அவற்றின் கனெக்டர்கள். முள் வேகத்துக்கு ஏற்ற இடத்திலேயே நிற்கிறது, இழுவை மட்டும் இல்லை என்றால் பெட்ரோல், காற்று, ப்ளக் ஒயர். முள் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச்.

இவ்வளவு சாட்சியையும் ஒரே நொடியில் அழித்துவிடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. இழுவை போனதும் கிளட்ச்சை மிதித்துவிடுவோம். மிதித்தபின் முள் எப்படியும் கீழே வரும். எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. பின்னால் வண்டி இல்லாத, பாதுகாப்பான சாலையில் மட்டும் இரண்டு நொடி கிளட்ச்சைத் தொடாமல் உருளவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் மானிகளைப் போனில் வீடியோ எடுத்தால் இன்னும் நல்லது. ஓட்டுபவரின் கண் அப்போது சாலையில் இருக்க வேண்டும். எந்த நிலையிலும் ஓடுகிற வண்டியில் சாவியை முழுக்கப் பின்னால் திருப்பி உருவிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.

கிளட்ச்சைத் தப்பான கியரில் சோதிப்பது

முதல் கியரில் ஹேண்ட்பிரேக் போட்டுக் கிளட்ச்சை விட்டு, எஞ்சின் அணைகிறதா என்று பார்ப்பார்கள். அணைந்தால் "கிளட்ச் நல்லாத்தான் இருக்கு" என்று முடிவுகட்டிவிடுவார்கள். தேய ஆரம்பித்த கிளட்ச் இந்தச் சோதனையில் சுலபமாகப் பாஸாகிவிடும். நாலாவது அல்லது ஐந்தாவது கியரில், எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு, ஒரு ஏற்றத்தில் 2,500 ஆர்பிஎம் வாக்கில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். வழுக்கினால் அங்கே காட்டிக்கொடுத்துவிடும். கிளட்ச்சை மாற்றுவதற்கு முன் பெடலில் கொஞ்சமாவது ஃப்ரீ ப்ளே (அழுத்தம் தொடங்குமுன் பெடல் லேசாக அசையும் தளர்வு) இருக்கிறதா என்று பாருங்கள். சுத்தமாக இல்லையென்றால் நல்ல கிளட்ச்சும் வழுக்கும்.

மீட்டர் 12 வோல்ட் காட்டியதும் நிம்மதியாவது

அதிகம் பேரை ஏமாற்றும் தவறு இதுதான். சந்தேகப்பட்ட ஒயரில் மல்டிமீட்டரை வைக்கிறோம், 12 வோல்ட் காட்டுகிறது, கரண்ட் வருகிறது என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுகிறோம். மல்டிமீட்டர் இழுக்கும் கரண்ட் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் ஒயரும் அதற்கு 12 வோல்ட் காட்டும். கருகிப்போன ரிலே காண்டாக்ட்டில் 1 ஓம் தடை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்ரோல் பம்ப் 5 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் அந்தக் காண்டாக்ட்டிலேயே போய்விடும். மிச்சத்தில் பம்ப் முனகும், எஞ்சின் திணறும். பம்ப்பைக் கழற்றிவிட்டு அதே ஒயரை அளந்தால் மறுபடி 12 வோல்ட்!

அதனால் சுமை ஓடும்போதே அளக்க வேண்டும். பானெட்டுக்குள் இருக்கும் சிறிய டயக்னாஸிஸ் பெட்டியில் எஃப்/பி, ஜிஎன்டி என்று எழுதிய இரண்டு முனைகளையும் ஒரு ஒயரால் இணைத்துச் சாவியைப் போட்டால், எஞ்சின் ஓடாமலே பெட்ரோல் பம்ப் ஓடும். பம்ப் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் பாஸிட்டிவிலும் மறு முனையைப் பம்ப்பின் பாஸிட்டிவிலும் வையுங்கள். வழியில் எவ்வளவு தொலைகிறது என்று நேராகத் தெரியும். அரை வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பாதையை ஒவ்வொரு கனெக்டராகப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான்.

எர்த் பக்கத்தையும் இதேபோல அளக்க வேண்டும். இந்தக் காரில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது, எஞ்சின் முன்னால் இருக்கிறது. நெகட்டிவ் கரண்ட் பாடி வழியாகத்தான் திரும்பிப் போகிறது. டிக்கியில் பாடியோடு சேரும் போல்ட் துருப்பிடித்திருந்தாலோ, எஞ்சினுக்குப் போகும் எர்த் பட்டை அறுந்து தொங்கினாலோ எஞ்சின் பக்கம் மட்டும் கிறுக்குத்தனமாக நடந்துகொள்ளும். ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குமேல் இருக்கக்கூடாது.

90-களில் பிரிட்டனில் ஓடிய கார்களில் வெளியில் வாங்கிப் பொருத்திய அலாரம், இம்மொபிலைசர் (திருடன் எஞ்சினைக் கிளப்ப முடியாமல் தடுக்கும் கருவி) நிறைய உண்டு. டாஷ்போர்டுக்கு அடியில் இக்னிஷன் ஒயரை வெட்டி, இடையில் ஒரு ரிலேயைச் சேர்த்து, டேப் சுற்றிவிட்டிருப்பார்கள். மாஸ்டாவின் ஒயரிங் படத்தில் அந்த ரிலே இருக்காது. படத்தை மட்டும் நம்பித் தேடினால் அதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நின்ற இடத்தில், ஐடிலில் சோதிப்பது

வந்துவந்து போகும் கோளாறுக்கு ஒரு தூண்டுதல் இருக்கும். சூடு, குலுக்கல், மழை, வளைவு, பெட்ரோல் அளவு, இவற்றில் ஏதோ ஒன்று. ஒவ்வொரு தடவையும் இவற்றை ஒரு தாளில் குறித்துவையுங்கள். டேங்க் கால்வாசிக்குக் கீழே இருக்கும்போது நீண்ட வளைவில் மட்டும் மூச்சுத் திணறினால், டேங்க்கில் இருக்கும் பெட்ரோல் ஒரு பக்கம் சாய்ந்து பம்ப்பின் வாயிலிருந்து ஒதுங்குகிறது. அரைமணி ஓட்டத்துக்குப் பிறகு தளர்ந்து, டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே போய், உடனே சரியானால் டேங்க்கின் காற்றுவழி அடைத்திருக்கிறது. சூடானதும் அணைந்து, ஆறியதும் எடுத்தால் மெயின் ரிலேயைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

ஐடிலில் ஒருபோதும் அகப்படாத ஒன்று காற்றுக் குழாய் விரிசல். 1.6 லிட்டர் எஞ்சினில் காற்றளவு மானிக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே மடிப்பு மடிப்பான ரப்பர் குழாய் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது எஞ்சின் தன் மவுண்ட்டில் ஒரு பக்கம் சாயும், குழாய் இழுபடும், மடிப்பின் அடியில் இருக்கும் விரிசல் அப்போது மட்டும் வாய் திறக்கும். அளக்கப்படாத காற்று உள்ளே போய் எஞ்சின் தடுமாறும். இந்த எஞ்சினில் காற்றளவு மானியின் மடல் முழுக்க மூடிக்கொண்டால் பெட்ரோல் பம்ப்பும் நின்றுவிடும், அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள். குழாயைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு மடிப்பையும் விரல்களால் பிரித்துப் பாருங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. 1994 மாடல் 1.8-இல் மானியே வேறு. அங்கே பம்ப்பை ஈசியூ (எஞ்சினின் கணினி) கட்டுப்படுத்துகிறது.

ப்ளக் ஒயரும் இப்படித்தான். உயர் கியரில் முழு ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, தீப்பொறி பாய அதிக வோல்ட்டேஜ் தேவைப்படும். பழைய ஒயர் அங்கேதான் கசியும், ஐடிலில் ஒழுங்காக இருக்கும். இரவில், முழு இருட்டில், ஓடும் எஞ்சின்மேல் கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தால் ஒயரின்மேல் நீலப் பொறி ஓடுவது தெரியும். கையை மட்டும் தள்ளி வையுங்கள்.

ஸ்கேனரை நம்பிக் காத்திருப்பது, ஊகத்தில் பார்ட்ஸ் வாங்குவது

1996-க்கு முந்தைய கார்களில் ஓபிடி-2 (ஸ்கேனரை மாட்டிக் கோளாறைப் படிக்கும் பொதுவான இணைப்பு) கிடையாது. அதே டயக்னாஸிஸ் பெட்டியில்தான் எஞ்சின் கணினி பதிந்துவைத்த கோளாறு எண்ணைப் படிக்க வேண்டும். பேட்டரி ஒயரைக் கழற்றினால் அந்த எண் அழிந்துவிடும். எனவே படித்து எழுதிக்கொண்ட பிறகு கழற்றுங்கள்.

பெட்ரோல் பிரஷர் பார்க்கிறேன் என்று கேஜின் குழாயைக் காருக்குள் இழுத்துவந்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கிளாம்ப் நழுவினால் மடியில் பெட்ரோல். தயவுசெய்து வேண்டாம்.

காயில், பம்ப், ஃபில்டர் மூன்றையும் ஒரே சனிக்கிழமை மாற்றி, கோளாறு போய்விட்டால் எதனால் போனது என்று தெரியாது. கழற்றும்போது அசைந்த கனெக்டர்தான் தற்காலிகமாகச் சரியானதோ என்னவோ. ஒன்றை மாற்றுங்கள், கோளாறு வந்த அதே சாலையில், அதே சூட்டில் ஓட்டுங்கள். ரிலேயை மாற்றியதும் நின்றதா? பழைய ரிலேயை மறுபடி போட்டு ஓட்டிப் பாருங்கள். கோளாறு திரும்பி வந்தால்தான் குற்றவாளி அது. பிறகு அந்த ரிலேயின் மூடியைத் திறந்து, ஈயம் வைத்த இடங்களைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். பின்னைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல் ஓடியிருக்க வாய்ப்பு அதிகம்.