அழற்சி இல்லாத வல்வா (பெண்ணின் வெளிப் பிறப்புறுப்பு) கோளாறுகள்: பார்ப்பது, எழுதுவது, நோய்க் குறியீடு (கோடு) போடுவது

"வல்வாவில் கட்டி உள்ளது" என்று மட்டும் கேஸ் ஷீட்டில் எழுதினால், அடுத்த முறை பார்ப்பவருக்கு அது பழைய கட்டியா, வளர்ந்ததா என்றே தெரியாது.

1. முதலில் கேளுங்கள். அரிப்பு, வலி, எத்தனை நாளாக, மாதவிடாய் நின்றுவிட்டதா. என்ன களிம்பு பூசினார் என்பதை விடவே கூடாது. ஸ்டீராய்டு பூசியிருந்தால் தோலின் தோற்றமும் பயாப்ஸி (திசு எடுத்துச் செய்யும் சோதனை) முடிவும் மாறலாம். பரிசோதனைக்குச் சம்மதம் வாங்குங்கள், பெண் ஊழியர் ஒருவர் உடனிருக்கட்டும்.

2. சிவப்பு, வெள்ளைப்படுதல், புண் தெரிந்தால் தொற்றையும் அழற்சியையும் முதலில் விலக்குங்கள்.

3. இடத்தைக் கடிகார முறையில் குறியுங்கள். கிளிட்டோரிஸ் 12 மணி, ஆசனவாய்ப் பக்கம் 6. எதிரே நின்று பார்ப்பதால் 3 மணி என்பது நோயாளியின் இடப்பக்கம். புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். யோனி வாயில் 5 அல்லது 7 மணியை ஒட்டிய வீக்கம் பெரும்பாலும் பார்த்தோலின் (யோனி வாயிலின் இருபுறமும் உள்ள சுரப்பி) கட்டி. வல்வாவின் பெரிய உதட்டின் மேல்பகுதியில் கட்டி இருந்தால் இருமச் சொல்லுங்கள். பெரிதானால் ஹெர்னியாவாக (குடலிறக்கம்) இருக்கலாம், ஊசி குத்திப் பார்க்காதீர்கள்.

அளவை ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் எழுதுங்கள். "நெல்லிக்காய் அளவு" என்பது அளவே அல்ல. நிறம், விளிம்பு, மேற்பரப்பு, தொட்டால் வலி, இடுப்பு மடிப்பு நிணநீர்க் கணு ஆகியவையும் வேண்டும். ஒரு கோட்டுப்படமும் வரையுங்கள்.

4. தடித்த வெள்ளைத் திட்டு, நிறம் மாறிய புள்ளி, ஆறாத புண் எதுவானாலும் பயாப்ஸி எடுங்கள். 40 வயதைக் கடந்தவருக்குப் புதிதாக வந்த பார்த்தோலின் கட்டியிலும் புற்றுநோயை விலக்க வேண்டும். லிடோகெய்ன் (மரப்பு மருந்து) போட்டு, 4 மி.மீ. பஞ்ச் கருவியால், திட்டில் தடித்த இடத்திலும் புண்ணில் விளிம்பிலும் எடுங்கள். புண்ணின் நடுவில் எடுத்தால் செத்த திசுதான் கிடைக்கும். 10 சதவீத ஃபார்மலினில் உடனே போட்டு, எடுத்த இடத்தையும் பாட்டிலில் எழுதுங்கள்.

5. ஐசிடி-10 (சர்வதேச நோய் வகைப்பாடு) கோடு:

வல்வா நீர்க்கட்டி என்90.7, பார்த்தோலின் நீர்க்கட்டி மட்டும் என்75.0. இவ்விரண்டும்தான் அதிகம் மாறிப்போகின்றன.
லேசான டிஸ்பிளாசியா (செல்களின் இயல்பற்ற மாற்றம்) என்90.0, நடுத்தரம் என்90.1. விஐஎன் (வல்வா தோலில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம்) மூன்றாம் நிலை என்றால் டி07.1.
சுருங்கிப்போன வல்வா என்90.5.

டிஸ்பிளாசியா கோடு பயாப்ஸி அறிக்கை வந்த பிறகே. அதுவரை தெரிந்த அறிகுறிக்கான கோடு போதும். என்90.9 (வகை குறிப்பிடாத கோளாறு) எழுதக் கை போனால், மூன்றாம் படிக்குத் திரும்பிப் போங்கள்; அநேகமாக அங்கே ஏதோ விடுபட்டிருக்கும்.