ஸ்கூட்டர் எஞ்சின் எவ்வளவு காலம் ஓடும்? கொழும்பில் நாம் அதன் ஆயுளைக் குறைக்கும் விதங்கள்

பழைய ஸ்கூட்டர் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்ப்பது மீற்றரைத்தான். "முப்பதாயிரம்தான் ஓடியிருக்கு, எஞ்சின் அவிழ்க்கவேயில்லை" என்பார் விற்பவர். வாங்குபவர் தலையாட்டுவார். மீற்றரைத் திருப்பி வைப்பது பெரிய வித்தையில்லை என்பது இருவருக்குமே தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி வழி திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த ஐந்து வருடத்தில் கைமாறிய பழைய வண்டிகள் இன்னும் காலி வீதியில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் எஞ்சின் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது பல வீடுகளில் மாதச் செலவுக் கணக்கோடு சேர்ந்த கேள்வி.

நேரடியாகச் சொன்னால், காற்றால் குளிரும் 100 முதல் 125 சிசி வரையான நாலு ஸ்ட்ரோக் எஞ்சினை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், ஸ்கூட்டர் 50,000 முதல் 80,000 கிலோமீற்றர் வரை பிஸ்டன் (சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் உருளை), ரிங் (அதைச் சுற்றியிருக்கும் வளையம்) வேலை இல்லாமல் ஓடும். கியர் உள்ள சின்ன மோட்டார் சைக்கிள் ஒரு இலட்சத்தையும் தாண்டலாம். பார்க்காமல் விட்டால் இருபதாயிரத்திலேயே ஒயில் எரிந்து நீலப்புகை வரும்.

ஆனால் கிலோமீற்றர் என்ற அளவே கொழும்பில் பாதி உண்மைதான். காலையில் தெஹிவளையிலிருந்து கோட்டைக்குப் போகிறவர் சிக்னலிலும் நெரிசலிலும் நின்று நின்று, மணிக்குச் சராசரி 15 கிலோமீற்றர் போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 3,000 கிலோமீற்றர் ஓட 200 மணி நேரம். ஏ9 வீதியில் வவுனியாப் பக்கம் சராசரி 50இல் ஓடுகிறவருக்கு அதே தூரம் 60 மணி நேரம். மீற்றர் இருவருக்கும் ஒரே கணக்கைத்தான் காட்டும். முதலாமவருடைய ஒயில் மூன்று மடங்குக்கு மேல் நேரம் சூட்டில் கிடந்திருக்கிறது. அதுவும் காற்றோட்டம் இல்லாத சூடு. ஆகவே பாவனைக் கையேட்டில் ஒயில் மாற்றச் சொல்லும் தூரத்தைக் கொழும்பு ஓட்டத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்வது முதல் தவறு. நெரிசலில் ஓடும் வண்டிக்கு அதைவிட முன்னதாகவே ஒயில் மாற்றுவது நல்லது. மாதம் நூறு கிலோமீற்றர்கூட ஓடாத வண்டிக்கு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றவேண்டும். பள்ளிக்கூடத்துக்கும் சந்தைக்குமாக இரண்டு கிலோமீற்றர் போய் வரும் வண்டியின் எஞ்சின் முழுதாகச் சூடேறுவதே இல்லை. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெற்றோலும் ஆவியாகாமல் ஒயிலிலேயே தங்கிவிடும்.

ஒயில்: மாற்றுகிறோம், பார்ப்பதில்லை

சின்ன எஞ்சின்களைக் கொல்வதில் முதலிடம் இதற்குத்தான். பெரும்பாலான ஸ்கூட்டர்கள் கொள்ளும் ஒயில் ஒரு லீற்றருக்கும் குறைவு. கார் எஞ்சினில் மூன்று, நாலு லீற்றர் இருக்கும். அரை லீற்றர் குறைந்தாலும் அது சமாளிக்கும். 700 மில்லிலீற்றர் கொள்ளும் ஸ்கூட்டரில் 300 குறைந்தால் மிச்சம் என்ன? பழைய எஞ்சின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒயிலை எரிக்கத்தான் செய்யும். புகையாகத் தெரியும் அளவுக்கு வருவதற்கு முன்பே மட்டம் இறங்கியிருக்கும். ஒயில் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு இந்த வண்டிகள் பலவற்றில் இல்லை. முதலில் அடிபடுவது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டில் இருந்து வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு. ஒயில் கடைசியாகப் போய்ச்சேரும் இடம் அது.

இறக்குமதித் தடைக்கு முன் வந்த 109 சிசி ஹொண்டா டியோ ஸ்கூட்டரில் பிஸ்டன் ஒருமுறை ஏற 55.6 மில்லிமீற்றர், இறங்க அதேயளவு. நிமிடத்துக்கு 6,000 சுற்றில் கணக்குப் போட்டால் பிஸ்டன் சிலிண்டருக்குள் மணிக்கு 40 கிலோமீற்றர் உரசிக்கொண்டு ஓடுகிறது. அதற்கும் சுவருக்கும் இடையில் இருப்பது மெல்லிய ஒயில் படலம் மட்டும்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். சமதரையில் பெரிய ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சில நிமிடம் விட்டு, அளவுக்குச்சியைத் துடைத்து மறுபடி இறக்கிப் பாருங்கள். ஹொண்டா ஸ்கூட்டர்களில் குச்சியைத் திருகாமல் சும்மா இறக்கித்தான் பார்க்கவேண்டும். திருகிப் பார்த்தால் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும், நீங்களும் நிம்மதியாகப் போய்விடுவீர்கள். பெற்றோல் அடிக்கிற இரண்டாவது தடவைக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஒயில் கறுத்துப்போனதைக் கண்டு பயப்பட வேண்டாம். கரியை இழுத்து வைத்திருப்பது அதன் வேலை. பால்தேத்தண்ணி நிறத்துக்கு மாறியிருந்தால்தான் பயம். அது தண்ணீர் கலந்ததன் அடையாளம்.

எந்த ஒயில் என்பதிலும் தடுமாற்றம் உண்டு. கியர் வண்டியில் கிளட்ச் தட்டுகள் எஞ்சின் ஒயிலிலேயே ஊறிக்கிடக்கும். அதற்கு டப்பாவில் 'ஜாசோ எம்ஏ' அல்லது 'எம்ஏ2' என்று இருக்கவேண்டும். காருக்கு வாங்கியதில் மிஞ்சியதை ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கலாம். ஸ்கூட்டரின் கிளட்ச் உலர்ந்த இடத்தில் இருப்பதால் 'எம்பி' வகை. "நம்ம வெயிலுக்குக் கெட்டியான ஒயில்தான் சரி" என்று 10டபிள்யூ-30 கேட்கும் எஞ்சினில் 20டபிள்யூ-50 ஊற்றுகிற பழக்கமும் இருக்கிறது. அந்த எஞ்சினின் இடைவெளிகளும் பம்பும் மெல்லிய ஒயிலை நினைத்துச் செய்யப்பட்டவை. கெட்டி ஒயில் காலையில் மேலே ஏறவே நேரமெடுக்கும். சில கராஜ்களில் பழைய ஒயிலை இறக்கிவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றி எஞ்சினை ஓடவிட்டுக் 'கழுவி' எடுப்பார்கள். மண்ணெண்ணெய் முழுதாக வடியாது. மிச்சம் புது ஒயிலை நீர்க்கவைக்கும். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

முத்திரை உடையாத டப்பாவை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். வெறும் டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து குத்திக் கிழித்து எறிவது கஞ்சத்தனமில்லை. நல்ல பெயருள்ள டப்பாக்களுக்கு இரண்டாவது பிறவி உண்டு.

சத்தம் போகவேண்டும் என்ற ஆசை

"பாஸ், மேல டிக் டிக் எண்டு சத்தம் வருது, கொஞ்சம் இறுக்கிவிடுங்க." கராஜில் இதைக் கேட்காத நாளில்லை. டெப்பட் என்பது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவே வேண்டுமென்றே விடப்படும் மயிரிழை இடைவெளி. எஞ்சின் சூடாகும்போது உலோகம் நீளும். அதற்குத்தான் அந்த இடம். சத்தம் கேட்காத அளவுக்கு இறுக்கினால் சூட்டில் வால்வு முழுதாக மூடாது. புகைப்பக்க வால்வு தன் சூட்டைக் கடத்துவது மூடியிருக்கும் நேரத்தில் தான் உட்காரும் வளையத்தைத் தொட்டுத்தான். தொடாவிட்டால் விளிம்பு கருகும், பிறகு கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் கலவையை அமுக்கும் அழுத்தம், போய்விடும். எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்கும்போது, இடைவெளி அளக்கும் தகட்டை வைத்துத்தான் டெப்பட் சரிசெய்ய வேண்டும். ஓடி வந்த சூட்டோடு, காதால் கேட்டுச் செய்கிறவர் கைராசிக்காரராகவே இருக்கட்டும், நாளைக் காலை வரச் சொல்கிறவரிடம் கொடுங்கள். இலேசாகச் சத்தம் போடும் டெப்பட் சத்தமே இல்லாத டெப்பட்டைவிட நல்லது.

எயார் ஃபில்டரும் இப்படித்தான். ஸ்பொஞ்ச் வகையைக் கழுவலாம். டியோ போன்ற ஸ்கூட்டர்களில் வருவது பிசுபிசுப்பான ஒயில் தடவிய கடதாசி ஃபில்டர். காற்று அடித்தால் தூசி உள்ளே இறங்கும், பிசுபிசுப்பும் போகும். சேர்விஸ் என்ற பெயரில் அதற்கும் காற்றடிப்பது வழக்கமாகிவிட்டது. அதைச் சுத்தம் செய்யக்கூடாது, மாற்றத்தான் வேண்டும். உள்ளே போகும் தூசி ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரத்தாளாக உரசும்.

சூடு

ஸ்கூட்டரின் எஞ்சின் சட்டைக்குள் மறைந்திருக்கிறது. ஒரு விசிறிதான் அதற்குக் காற்று ஊதுகிறது. அந்தக் காற்றைச் சிலிண்டரைச் சுற்றிக் கொண்டுபோகும் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு திருகாணி தொலைந்து, ஒரு மூலை உடைந்து, கடைசியில் உறையே இல்லாமல் ஓடும் வண்டிகள் உண்டு. "திறந்து கிடந்தால் நல்லாகக் குளிரும்" என்பது தப்புக் கணக்கு. உறை இல்லாவிட்டால் விசிறிக் காற்று சிலிண்டர் பக்கமே போகாது. மோட்டார் சைக்கிளில் சேறு காய்ந்து சிலிண்டரின் குளிரூட்டும் செதில்களுக்கிடையே அடைத்திருந்தாலும் விளைவு அதுதான். வெள்ளவத்தையில் கடலோர வீதியில் நிறுத்துகிறவர்களுக்கு உப்பும் சேரும். வாரத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவினால் போதும்.

இன்னொரு சூடு நாமே வரவழைப்பது. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனையில் தேறவேண்டும். கார்பரேட்டர் வண்டி தேறாவிட்டால் பெற்றோல் கலவையைக் குறைத்துவிட்டு அனுப்புவார்கள். சான்றிதழ் கிடைத்ததும் கதை முடிந்தது என்று அப்படியே வருடம் முழுக்க ஓட்டுகிறோம். கலவை அளவுக்கு மீறி மெலிந்த எஞ்சின் அதிகமாகச் சூடேறும், இழுக்கத் தயங்கும். பரிசோதனையில் தோற்ற காரணம் அடைத்த ஃபில்டராகவோ தேய்ந்த ரிங்காகவோ இருக்கலாம். அதைப் பார்த்தால் இரண்டு வேலையும் முடியும். 92 கேட்கும் எஞ்சினுக்கு 95 ஒக்டேன் அடித்தால் ஆயுள் கூடும் என்பதும் வீண் செலவு. யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடைக் காலத்தில் எம்டி 90 மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயிலேயே ஓடியதே என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஓடியது உண்மை. அது அந்தச் சின்ன ஹொண்டாவின் பொறுமை. எரியாத மண்ணெண்ணெய் ஒயிலில் கலப்பதை அதனாலும் தடுக்க முடியவில்லை.

மழைக்கு வருவோம். ஆமர் வீதிச் சந்தியில் முழங்கால் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால், செல்ஃபை அமுக்கிக்கொண்டே இருப்பதுதான் மோசமான தவறு. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட்தான் வளையும். தள்ளிக்கொண்டு கரையேறுங்கள். பிளக்கைக் கழற்றி, எயார் ஃபில்டரையும் ஒயிலின் நிறத்தையும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யலாம்.

கனடாவுக்கோ லண்டனுக்கோ பிள்ளைகளிடம் ஆறு மாதம் போகிறவர்கள் கார்பரேட்டர் பெற்றோலை வடித்து, பற்றரியைக் கழற்றிவிட்டுப் போகட்டும். பக்கத்து வீட்டுத் தம்பியிடம் "இடைக்கிடை ஸ்டார்ட் பண்ணி விடு" என்று சொல்வதால் நன்மை குறைவு. இரண்டு நிமிடம் ஓடி அணைகிற எஞ்சினுக்குள் ஈரம்தான் சேரும்.

அவசரப்பட்டு அவிழ்ப்பது

புகை கண்டதும் "எஞ்சின் செய்யவேணும்" என்று சொல்கிறவரிடம் முதலில் எப்போது புகைக்கிறது என்று பேசுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் மட்டும் ஒரு வீச்சு நீலமாகப் புகைத்து நின்றால் பெரும்பாலும் வால்வு வழியே ஒயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர், வால்வு சீல். அது சின்ன வேலை. அக்சிலரேட்டர் கொடுக்கும்போதெல்லாம் நீலமாக வந்தால் ரிங் அல்லது சிலிண்டர். கறுப்பாக வந்தால் கலவையில் பெற்றோல் கூடியிருக்கிறது. காலையில் மெல்லிய வெள்ளையாக வந்து மறைந்தால் நீராவி, விட்டுவிடுங்கள். ஸ்கூட்டரில் இழுவை குறைந்ததற்குத் எஞ்சின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பெல்ட்டும் ரோலரும் தேய்ந்தது காரணமாக இருக்கலாம். கம்ப்ரஷன் அளக்காமல் ஹெட்டைத் திறக்க விடாதீர்கள்.

திறக்கத்தான் வேண்டுமென்றால் லேத்துக்கு அனுப்பமுன் சிலிண்டர் எந்த வகை என்று கேட்டுவைப்பது நல்லது. வார்ப்பிரும்புச் சிலிண்டரைப் போர் அடித்து 0.25, 0.50 என்று பெரிய பிஸ்டன் போடலாம். உட்சுவரில் பூச்சுள்ள அலுமினியச் சிலிண்டரை அப்படிக் குடைந்தால் பூச்சுப் போய்விடும், முழுதாகத்தான் மாற்றவேண்டும். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் ஒரே பெட்டிப் படத்தோடு இரண்டு விலைக்குப் பிஸ்டன் கிடைக்கும். அந்த வித்தியாசத்தில் மிச்சம் பிடிப்பதென்றால் எஞ்சினைத் திறக்காமலே விட்டிருக்கலாம். புது ரிங் போட்ட வண்டி முதல் சில நூறு கிலோமீற்றர் புதுவண்டிதான். முழு வேகமும் வேண்டாம், மூன்று பேரும் வேண்டாம், 12.5 கிலோ காஸ் சிலிண்டரும் வேண்டாம். 500 கிலோமீற்றரில் அந்த ஒயிலை இறக்கி வெளிச்சத்தில் பிடித்தால் மினுங்கும் உலோகத் தூள் தெரியும். அதை உள்ளே விட்டுக்கொண்டு 3,000 வரை ஓடுகிறவர்கள்தான் அடுத்த வருடமும் அதே கராஜ் வாசலில் நிற்கிறார்கள்.