அடங்காத மாணவர்களும் ஆசிரியர் பயிற்சியும்: எங்கே தவறுகிறோம்?

நாள் முழுக்க உரை, திரையில் ஸ்லைடுகள், சாயங்காலம் சான்றிதழ். நடத்தைச் சிக்கல் உள்ள மாணவர்களுக்கு உதவுவது பற்றிய பயிற்சி பல இடங்களில் இவ்வளவுதான். செய்து காட்டி, ஒத்திகை பார்த்து, பிறகு வகுப்பிலும் கூட இருந்து வழிகாட்டினால்தான் கற்றது நிலைக்கும் என்று கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களிலேயே எழுதிவிட்டார்கள். அப்படிக் கூட இருப்பவர் மதிப்பெண் போடும் அதிகாரியாக இருந்தால் அதுவும் வீண்தான். அவர் வரும் நாளில் சிக்கலை மறைக்கத்தான் ஆசிரியருக்குத் தோன்றும்.

இதைவிடப் பெரிய தவறு, ‘கத்தினால் இதைச் செய்யுங்கள், ஓடினால் அதைச் செய்யுங்கள்’ என்று பட்டியல் கொடுப்பது. இரண்டு பிள்ளைகள் ஒரே மாதிரி கத்தலாம். ஒருவனுக்கு ஆசிரியர் திரும்பிப் பார்க்க வேண்டும். திட்டு வாங்கினாலும் சரி. இன்னொருவனுக்குக் கணக்கிலிருந்து தப்பிக்க வேண்டும். அவனை வெளியே அனுப்பினால் கேட்டதையே கொடுத்தாயிற்று. நாளைக்கும் கணக்கு நேரத்தில் கத்துவான்.

அதனால் முதலில் குறித்துவைக்கப் பழக்க வேண்டும்: முன்னால் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தான், உடனே அவனுக்கு என்ன கிடைத்தது. ‘திமிராக நடந்தான்’ என்ற குறிப்பு எதற்கும் உதவாது. ‘நோட்டைக் கீழே எறிந்தான்’ என்றால் பேசலாம்.

சரி, காரணம் தெரிந்துவிட்டது. அப்புறம்? வேண்டியதைக் கேட்க வேறு வழி கற்றுத்தர வேண்டும். பல பயிற்சிகள் இதைத் தொடுவதே இல்லை. உதவியோ கவனமோ வாய்விட்டுக் கேட்கக் கற்றுக்கொடுத்தால் சிக்கல் நடத்தை குறைகிறது என்று உளவியல் ஆய்வாளர்களான எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985இல் காட்டினார்கள். ‘எனக்குப் புரியவில்லை’ என்று சொன்னதும் உதவி வருமானால் நோட்டு ஏன் பறக்கப்போகிறது?

‘கண்டுகொள்ளாமல் விடுங்கள்’ என்பது பாதி அறிவுரை. கவனத்துக்காகக் கத்துகிறவனைக் கண்டுகொள்ளாவிட்டால் கத்தல் முதலில் கூடவும் செய்யலாம், பிறகுதான் தணியும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், கூடும் நேரத்தில் ஆசிரியர் விட்டுக்கொடுப்பார். இன்னும் உரக்கக் கத்தினால் காரியம் நடக்கும் என்று பிள்ளை புரிந்துகொள்வான். அடிதடியிலும், தன்னையே காயப்படுத்திக்கொள்ளும்போதும் இந்த முறை கூடவே கூடாது.

வகுப்பாசிரியரை மட்டும் பயிற்சிக்கு அழைப்பதும் தவறுதான். விளையாட்டு ஆசிரியர், உதவியாளர், இடைவேளையில் மேற்பார்வை பார்ப்பவர் எல்லோரும் வர வேண்டும். ஒருவர் விட்டுக்கொடுத்தாலும் பழைய வழி அவனுக்குத் திறந்தே இருக்கும்.