வலைப்பூ வார்ப்புருவில் பிடிஎஃப் செருகுநிரலைக் கண்டறியும் நிரலைச் சேர்த்தல்

திருவல்லிக்கேணிப் பகுதியின் பழைய கோயில் மலர்களை, அதாவது விழாச் சிறப்பு நூல்களை, ஸ்கேன் செய்து பிடிஎஃப் கோப்புகளாக என் பிளாகர் வலைப்பூவில் இட்டுவருகிறேன். கணினியில் பக்கங்கள் பதிவுக்குள்ளேயே விரிந்தபோதும், தாம்பரம் மின்தொடர் வண்டியில் அமர்ந்து செல்பேசியில் திறந்தவர்களுக்கு வெற்றுக் கட்டம் மட்டுமே தெரிந்தது. கணினியின் குரோமுக்குள் பிடிஎஃப் காட்டி இருந்ததும், ஆண்ட்ராய்டு குரோமில் பதிவுக்குள் விரித்துக் காட்டும் வசதி இல்லாததுமே அதற்குக் காரணம்.

இதைத் தீர்க்க முனைபவர் முதலில் செய்ய வேண்டியது, வலைப்பூவின் தோற்றத்தை அமைக்கும் வார்ப்புருவில் முன்பு ஒட்டிவைத்த செருகுநிரல் (உலாவியோடு இணைந்து இயங்கும் துணை நிரல்) சோதனைகளை நீக்குவதாகும். ஃபிளாஷ், ஜாவா போன்ற பெயர்களை உலாவியின் செருகுநிரல் பட்டியலில் தேடும் நிரல்கள் இன்று பயனற்றவை. குரோம் 2015ஆம் ஆண்டிலேயே பழைய வகைச் செருகுநிரல்களைக் கைவிட்டது, ஃபிளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது, 2021 ஜனவரி 12 முதல் ஃபிளாஷ் உள்ளடக்கம் இயங்காமல் தடுக்கப்பட்டது. அந்தப் பட்டியலைக் கொண்டு வாசகரை அடையாளம் கண்டு பின்தொடர முடிந்ததால், இன்றைய எச்டிஎம்எல் தரம் அதை ஐந்து நிலையான பிடிஎஃப் பெயர்களாகவோ வெறுமையாகவோ மட்டுமே காட்டச் சொல்கிறது. ஆகவே பெயரைத் தேடாமல், உலாவியால் பிடிஎஃப் கோப்பை உள்ளேயே காட்ட முடியுமா என்று நேரடியாகக் கேட்பதே சரியான வழி.

அவ்வாறு கேட்பதற்கென்றே ஜாவாஸ்கிரிப்டின் நேவிகேட்டர் பொருளில் பிடிஎஃப், வியூவர், எனேபிள்டு ஆகிய மூன்று ஆங்கிலச் சொற்களை ஒட்டிய பண்பு ஒன்று (navigator.pdfViewerEnabled) உள்ளது. பிடிஎஃப் முழுவதும் சிறிய எழுத்திலும், மற்ற இரண்டின் முதலெழுத்து மட்டும் பெரிய எழுத்திலும் இருக்க வேண்டும். ஓரெழுத்து பிசகினாலும் விடை கிடைக்காது. பழைய உலாவிகளில் இப்பண்பே இல்லாமல் இருக்கலாம் என்பதால், அதன் மதிப்பு 'ட்ரூ' (true, ஆம்) என்பதற்குச் சரியாகச் சமமாக இருக்கும்போது மட்டும், கோப்பைப் பதிவுக்குள் காட்டும் சட்டகத்தை (ஐஃப்ரேம்) உருவாக்குமாறு நிபந்தனையை அமையுங்கள்.

நிரலை எழுதுமுன் பதிவுகளைச் சீரமைக்க வேண்டும். கோப்புக்கான சாதாரண இணைப்பைப் பதிவில் எப்போதும் வைத்து, அதை நிரல் அடையாளம் காண ஒரு கிளாஸ் (class) பெயரைக் கொடுங்கள். நான் 'மலர்' என்று தமிழிலேயே கொடுத்திருக்கிறேன். நிரல் செய்ய வேண்டியது, அந்தப் பெயருள்ள இணைப்புகளைத் திரட்டி, விடை 'ட்ரூ' எனில் ஒவ்வொன்றின் கீழும் ஓர் ஐஃப்ரேமை உருவாக்கி, இணைப்பின் முகவரியையே அதற்கு அளிப்பது மட்டுமே. இதனால் ஜாவாஸ்கிரிப்ட் நின்றுபோனாலும் வாசகர் கையில் இணைப்பு இருக்கும். சட்டகத்தை முதலில் வைத்துப் பிறகு மறைக்கும் முறையை நான் ஏற்பதில்லை. அதில் நிரல் தவறினால் வெற்றுக் கட்டமே மிஞ்சும்.

இனி பிளாகரின் தீம் பகுதிக்குச் சென்று, முதலில் காப்புப்பிரதி ஒன்றைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பிறகு எச்டிஎம்எல் திருத்தும் பக்கத்தைத் திறந்து, பாடி குறிச்சொல் முடியும் (</body>) வரிக்குச் சற்று மேலே நிரலை ஒட்டுங்கள். அங்கே வைத்தால்தான் நிரல் ஓடும்போது இணைப்புகள் பக்கத்தில் ஏற்கெனவே உருவாகியிருக்கும். பிளாகரின் வார்ப்புரு எக்ஸ்எம்எல் ஆதலால், நிரலில் வரும் 'உம்' குறியையும் (&) 'சிறியது' குறியையும் (<) அது தன் குறிச்சொற்களின் பகுதியாகக் கருதிச் சேமிக்க மறுக்கும். நிரல் முழுவதையும், இக்குறிகளை வெறும் எழுத்தாகவே கொள்ளச் செய்யும் சிடேட்டா (CDATA) பகுதிக்குள் அடைத்துவிட்டால் இத்தடை நீங்கும்.

கோப்பு எங்கிருக்கிறது என்பதும் முக்கியம். கூகுள் டிரைவின் முன்னோட்ட முகவரி தனக்கென ஒரு காட்டியைக் கொண்டிருப்பதால் அதற்கு இச்சோதனை தேவையில்லை. வேறு சர்வரில் உள்ள கோப்பின் முகவரி எச்டிடிபிஎஸ் அல்லாததாக இருந்தாலோ, அந்தச் சர்வர் பிற தளங்களின் சட்டகத்துக்குள் காட்டத் தடை விதித்திருந்தாலோ, உலாவிக்குத் திறன் இருந்தும் கோப்பு தெரியாது. இந்த நிரலால் அதை அறிய முடியாது.

சேமித்தபின் கணினிக் குரோமின் தள அமைப்புகளில் பிடிஎஃப் ஆவணங்கள் என்ற பகுதிக்குச் சென்று, கோப்புகளைத் திறக்காமல் தரவிறக்குமாறு மாற்றிப் பதிவை மீண்டும் ஏற்றுங்கள். சட்டகம் மறைந்து இணைப்பு மட்டும் நின்றால் நிரல் சரியாக அமைந்துள்ளது. அமைப்பைப் பழையபடி மாற்றிவிட்டு, செல்பேசியிலும் ஒருமுறை திறந்து பாருங்கள்.